பாக்ஸ் இறக்கியாச்சு, கிளச்சை என்ன செய்வது?

ஊட்டியிலோ குன்னூரிலோ இரண்டாவது கியர் நழுவுகிறது என்று ஒரு காரைப் பட்டறையில் விட்டால், கியர் பாக்ஸைக் கீழே இறக்கிய பிறகு உரிமையாளரின் காதில் விழும் வாக்கியம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: “பாக்ஸ் இறக்கியாச்சு சார், கிளச்சையும் செட்டா மாத்திடலாம்.” கேட்பவர்களில் சிலர் இதைத் தொழிலின் பழைய விதியாக எடுத்துக்கொண்டு தலையாட்டுகிறார்கள். சிலர் பில்லை ஏற்றும் வித்தை என்றும், மெக்கானிக்குக்கும் ஸ்பேர் கடைக்காரருக்கும் இடையே இருக்கும் ஏற்பாடு என்றும் முணுமுணுத்துக்கொண்டே பணம் கட்டுகிறார்கள். நீலகிரியில் வண்டிகள் ஏறி இறங்கிய வரலாற்றைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால், இந்த இரண்டு எண்ணமும் நிற்காது என்றே எனக்குப் படுகிறது. இந்த வழக்கத்துக்கு வயது ஒரு தலைமுறையைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதற்கு முன் இதே கேள்வியை வேறு ஆட்கள் வேறு கணக்கு வைத்துத் தீர்த்தார்கள். மலை வண்டியைப் பொறுத்தவரை இன்றைய மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் சரி. அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் பாதி.

முதலில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இந்த மலைக்குப் போக்குவரத்து வந்து நூறு ஆண்டுகள் ஆகும் வரை அதில் கிளச் என்ற பொருளே பெரிதாக இல்லை. 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே வந்து பார்த்தபின், 1820களின் தொடக்கத்தில் சிறுமுகைப் பக்கமிருந்து கோத்தகிரிக்கு ஒரு பாதை வெட்டப்பட்டது. 1830களின் தொடக்கத்தில் குன்னூர் வழியாக இன்னொன்று வந்தது. இன்று மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு, பர்லியார் வழியாக நாம் ஏறும் சாலையின் மூலவடிவம் கர்னல் லா மேற்பார்வையில் 1870களின் தொடக்கத்தில் முடிந்தது. குன்னூர் அருகே உள்ள லாஸ் நீர்வீழ்ச்சிக்கு அவர் பெயர்தான். அந்தச் சாலையில் ஓடியவை மாட்டு வண்டிகளும் குதிரை டோங்காக்களும். பிறகு மலை ரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் ஊட்டியையும் எட்டியது. 326 மீட்டரில் கிளம்பி 2203 மீட்டரில் முடியும் பாதை, கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12க்கு 1 என்ற ஏற்றம், தண்டவாளத்துக்கு நடுவே பல் சட்டம். மாடு, குதிரை, நீராவி மூன்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. நின்ற இடத்திலிருந்தே முழுப் பலத்தோடு இழுக்கும். பெட்ரோல் எஞ்சினால் அது முடியாது. அது குறைந்தபட்ச வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால்தான் அதற்கு உயிர்; நின்றிருக்கும் சக்கரத்தோடு அதை இணைக்க, இரண்டு பரப்புகள் உரசி உரசிக் கடைசியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த உரசலுக்கான இடம்தான் கிளச்.

அந்தப் பழைய போக்குவரத்தில் தேய்ந்ததை மாற்றுவது எப்படி நடந்தது என்பது நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. டோங்கா குதிரைகளை வழியில் குறித்த இடங்களில் மாற்றினார்கள். குதிரை களைத்து விழுந்த இடத்தில் மாற்றவில்லை. இன்னும் ஓடத் திராணி இருக்கும்போதே, அடுத்த குதிரை தயாராக நிற்கும் இடத்தில் மாற்றினார்கள். ரயில் எஞ்சினுக்கும் அதே ஒழுங்குதான். சுவிட்சர்லாந்தில் செய்து வந்த எக்ஸ் வகை எஞ்சின்கள் பெரிய பழுதுபார்ப்புக்காகத் திருச்சி பொன்மலைப் பணிமனைக்குப் போகும்போது, எதைக் கழற்றுவது, எந்த அளவுக்குக் கீழே தேய்ந்த பல் சக்கரத்தைத் தூக்கிப் போடுவது என்பதெல்லாம் அட்டவணையில் இருக்கும். ஓட்டுநரோடு பேரம் பேசி யாரும் முடிவெடுப்பதில்லை. ஆக, பிரித்தபோதே மாற்றிவிடு என்ற யோசனை மலைக்குப் புதிதல்ல. ஆனால் அதை அப்போது நடத்தியது ஒரு நிறுவனம். அதற்குக் கொட்டடியும் கையிருப்பும் கணக்குப் புத்தகமும் இருந்தன.

கார் வந்தபோது இந்த மூன்றும் கூட வரவில்லை, மலை மட்டும் அப்படியே இருந்தது. மலை கிளச்சை என்ன செய்கிறது என்பதைக் கணக்காகவே சொல்லலாம். ஐந்து பேரோடு ஒன்றரை டன் எடை உள்ள ஒரு கார், நின்ற இடத்திலிருந்து மூன்றரை விநாடியில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் இதற்குக் கிளச் தாங்கும் சூடு ஒரு பங்கு என்றால், 12க்கு 1 ஏற்றத்தில் அதே கிளம்பலுக்கு இரண்டு பங்கு. வண்டியின் வேகத்தைக் கூட்டத் தேவையான விசையும், அது பின்னால் உருளாமல் தாங்கத் தேவையான விசையும் அங்கே ஏறக்குறைய சமம் என்பதால் இப்படி. சாலையின் சராசரி ஏற்றம் ரயில் பாதையைவிடக் குறைவுதான். ஆனால் கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் சராசரியைப் பார்ப்பதில்லை, முன்னால் போகும் லாரி நிற்கும் இடமும் பெரும்பாலும் அதுதான். அந்த இடத்தில் பிரேக்கைத் தொடாமல், அரை கிளச்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்திவைக்கும் பழக்கம் சமவெளியிலிருந்து வருபவர்கள் பலருக்கு உண்டு. அப்படி நிறுத்தினால் மூன்று கிலோவாட்டுக்கு மேல் சூடு அந்தத் தட்டில் இறங்குகிறது. மூன்று இம்மர்ஷன் ஹீட்டர்களை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள இடத்தில் வைத்து ஓடவிட்டதற்குச் சமம், அதுவும் காற்றோட்டம் இல்லாத இரும்புக் கூட்டுக்குள். சீசனில் பர்லியார் மேலே வரிசை நிற்கும்போது சாலையோரம் அடிக்கும் கருகல் வாசனைக்குக் காரணம் இதுதான்.

இதோடு உயரமும் சேர்கிறது. ஊட்டியின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் பலமும் ஏறக்குறைய அதே அளவு குறையும். கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் கலவையும் கெட்டிப்பட்டு, எஞ்சின் திணறும். ஓட்டுநர் என்ன செய்வார்? ஆக்சிலரேட்டரைக் கூடுதலாக மிதித்து, கிளச்சை இன்னும் மெதுவாக விடுவார். எஞ்சினுக்குப் போதாத பலத்தின் கடனைக் கிளச் தட்டு கட்டுகிறது. மெட்ராஸில் ஓடும் தூரத்தில் பாதியிலேயே தட்டு இங்கே போகிறது என்று மலைக்காரர்கள் சொன்னால் அது மிகையென்று ஒதுக்க முடியாது.

ஆரம்ப காலக் கார்களில் இந்தக் கேள்வி சுலபமாக இருந்ததற்குக் காரணம், தட்டு அவ்வளவு எளிய பொருளாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்து இருபது ஆண்டுகளின் பல கார்களில் கிளச் என்பது கூம்பு வடிவ இரும்பின் மேல் இழுத்துத் தைத்த தோல். தோல் காய்ந்து இறுகினால் விளக்கெண்ணெய் பூசினார்கள். எண்ணெய் ஏறி வழுக்கினால் களிமண் பொடி தூவினார்கள். தேய்ந்துபோனால் தோலை அளந்து வெட்டிப் பதிக்கத் தெரிந்த யாரும் புதிதாக்கிவிடலாம். பிறகு உலர்ந்த ஒற்றைத் தட்டும், அதன் இருபுறமும் ரிவிட் அடித்து ஒட்டிய கல்நார் ஃபேசிங்கும் வந்தன. அப்போதும் தட்டு என்பது மாற்றும் பொருளாக இல்லை; ஃபேசிங்தான் மாறும், தட்டு பல பிறவி எடுக்கும். பழைய ஃபேசிங்கின் செப்பு ரிவிட்டுகளைத் துளைத்து எடுத்து, புதிய வளையத்தை வைத்து, எதிரெதிர் ஓட்டைகளாக வரிசை மாற்றி ரிவிட் அடித்து, தட்டு கோணலில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்துக் கொடுப்பது ஒரு தனிக் கைவேலை. ஃப்ளைவீலில் கோடு விழுந்திருந்தால் அது கோயம்புத்தூர் லேத் பட்டறைக்கு இறங்கும். 1920இல் பொள்ளாச்சி–பழனி பஸ்ஸோடு தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் யூ.எம்.எஸ். கம்பெனியும், நூற்பாலைகளைச் சுற்றி முளைத்த எந்திரப் பட்டறைகளும் சேர்ந்து அந்த ஊரைக் கொங்கு நாட்டு இரும்பு வேலைக்கெல்லாம் தலைநகராக ஆக்கியிருந்தன. நீலகிரிக்கு அது ஒரு நாள் பயணம். போய்த் திரும்பி வரும் வரை வண்டி பட்டறையில் கிடக்கும்.

இந்தக் கைவேலைக்கு உயிர் கொடுத்தது பொருள் தட்டுப்பாடு. 1950களில் அரசின் கொள்கை மாறியதும் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954இல் இந்தியாவில் கடையைக் கட்டின. தோட்டத் துரைகளும் வாடகைக் கார்க்காரர்களும் ஓட்டிக்கொண்டிருந்த அமெரிக்கக் கார்கள் ஒரே நாளில் அனாதையாயின. போருக்குப் பின் டிஸ்போசலில் வந்த ராணுவ ஜீப்புகளும், பிறகு மஹிந்திரா கூட்டிய ஜீப்புகளும் எஸ்டேட்டுகளின் அன்றாட வாகனமாயின. அம்பாசடர் 1950களின் பின்பாதியிலிருந்து வாடகைக் கார் நிலையங்களை நிரப்பியது. இறக்குமதி உரிமம் இல்லாமல் எதுவும் வராத காலத்தில், பாக்ஸ் இறங்கியது என்பதற்காக நன்றாயிருக்கும் தட்டைத் தூக்கி எறி என்று யாராவது சொல்லியிருந்தால் அவரை மனநிலை சரியில்லாதவராகத்தான் பார்த்திருப்பார்கள். கூலி மலிவு, பொருள் அரிது. ஆறு மாதம் கழித்துப் பாக்ஸை மறுபடி இறக்குவதால் போவது இரண்டு ஆட்களின் சில நாள் கூலி. அதற்குப் பயந்து ஒரு தட்டை வீணாக்குவதில் அர்த்தமே இல்லை. அம்பாசடரில் ரிலீஸ் பேரிங்குக்குப் பதிலாக ஒரு கார்பன் வளையம் இருந்தது. பெடல் மேல் காலை வைத்தே ஓட்டும் டிரைவரிடம் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். அந்தச் சின்னக் கார்பனுக்காகவே பாக்ஸை இறக்கி, கார்பனை மட்டும் மாற்றி, தட்டைத் தொடாமல் ஏற்றியது அந்தக் காலத்து வழக்கம். இன்று கேட்டால் மெக்கானிக் சிரிப்பார்.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய ஆட்களின் நிதானத்தைப் புகழ்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அன்றைய பிரஷர் பிளேட்டுகளில் இருந்தவை சுருள் ஸ்பிரிங்குகள். ஃபேசிங் தேயத் தேய ஸ்பிரிங்கின் அழுத்தம் படிப்படியாகக் குறையும், கிளச் லேசாக நழுவ ஆரம்பிக்கும், பெடல் ஆட்டத்தைச் சரிசெய்து இன்னும் கொஞ்சம் ஓட்டலாம், மறுபடி நழுவும். தட்டு தன் மரணத்தைப் பல வாரங்களுக்கு முன்பே அறிவித்துவிடும். பிறகு வந்த டயஃப்ரம் ஸ்பிரிங் அப்படியல்ல. தட்டு தேய்ந்தாலும் கிட்டத்தட்ட கடைசி வரை அழுத்தத்தைக் குறைக்காமல் பிடித்திருக்கும். பெடலும் இலகுவாக இருக்கும். அதனால் ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும். பழைய மேஸ்திரிகள் காத்திருக்க முடிந்தது அவர்களுடைய பொறுமையால் மட்டுமல்ல, அவர்கள் கையில் இருந்த கிளச் முன்கூட்டியே சொல்லிவிடும் ரகமாக இருந்ததால்.

இதே காலத்தில் நிறுவனங்கள் வேறு வழியில் போயின. 1972இல் சேரன் போக்குவரத்துக் கழகம் உருவாகி, மலைப் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. இன்று அது அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கோவைப் பிரிவு. எந்தப் பேருந்துப் பணிமனையிலும் கிளச் பற்றிய முடிவு ஓட்டுநரின் புகாரோடு நிற்காது. எஃப்.சி.க்காக வண்டி நிற்கும்போது எது கழறும் என்பது தெரிந்த விஷயம். பழுதான யூனிட்டைக் கழற்றி, சரிசெய்து வைத்திருக்கும் இன்னொன்றை மாட்டி வண்டியை வழியனுப்பிவிட்டு, பழையதை நிதானமாகப் பிரிப்பார்கள். பஸ் நிற்கும் ஒரு நாளின் வருமானம் அவர்கள் கணக்கில் ஒரு செலவு. பெரிய தேயிலை எஸ்டேட்டுகளிலும் ஏறக்குறைய அப்படித்தான். கொழுந்து ஏற்றிய லாரி மாலைக்குள் தொழிற்சாலைக்கு வந்து சேரவில்லை என்றால் அந்த நாள் பறித்தது வெதும்பிக் கெடும். கிளச் தட்டின் விலையோடு ஒப்பிட்டால் அந்த நஷ்டம் பெரிது. எஸ்டேட் ஸ்டோரில் ஃபேசிங் பெட்டி இருக்கும், அதை எடுத்துக் கொடுக்க ஒரு ஸ்டோர் கீப்பர் இருப்பார், எப்போது எடுத்தோம் என்று பேரேட்டில் எழுதுவார். குதிரை டோங்காவின் ஒழுங்கு இவர்களிடம்தான் தொடர்ந்தது. தனி உரிமையாளருக்கு அது கிடைக்கவில்லை.

தனி உரிமையாளரின் காலம் திரும்பியது 1983க்குப் பிறகு. மாருதி 800 மூன்று மாற்றங்களைச் சேர்த்துக் கொண்டுவந்தது. ஒன்று, முன்சக்கர இழுவை: கியர் பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டில், அதை இறக்க வேண்டுமென்றால் ஆயிலை வடித்து, இரண்டு டிரைவ் ஷாஃப்ட்டையும் பிடுங்க வேண்டும். பெட்டி சிறியது, இரண்டு பேர் கையாலேயே வாங்கி வைக்கலாம். ஆனாலும் கழற்றிப் பூட்டும் படிகள் கூடின. இரண்டு, உதிரிபாகம் தாராளமாகக் கிடைத்தது. உராய்வுப் பொருள் செய்யும் ராணே பிரேக் லைனிங்ஸ் 1964இலும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974இலும் சென்னையில் தொடங்கியவை. பிறகு சென்னையிலும் ஓசூரிலும் முழு கிளச் செய்யும் ஆலைகள் வந்தன. தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே அட்டைப் பெட்டிக்குள் ‘செட்’ ஆக வந்தது அப்போதுதான். மூன்று, கூலி. 1990களுக்குப் பிறகு பொருளின் விலை ஏறிய வேகத்தைவிடக் கைதேர்ந்த மெக்கானிக்கின் ஒரு நாளின் விலை வேகமாக ஏறியது. மலையில் அப்படிப்பட்டவர் கிடைப்பதே கஷ்டம், நல்ல கைகள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிட்டன. பழைய கணக்கு தலைகீழாயிற்று. இப்போது அரிது கூலி, மலிவு பொருள். ரிவிட் அடிக்கும் கைவேலை செத்தது. கல்நார்த் தூசியை மூச்சில் வாங்கிக்கொண்டே செய்த அந்த வேலை செத்ததற்கு வருந்த வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “செட்டா மாத்திடலாம்” என்ற வாக்கியம் பிறந்தது இந்த இடத்தில். அட்டைப் பெட்டிதான் அந்த வாக்கியத்தை எழுதியது என்று சொன்னால்கூடத் தவறில்லை.

அப்படியானால் இது வெறும் விலைக் கணக்கு, கூலியை மிச்சம் பிடிக்கும் யோசனை, அவ்வளவுதானே என்று கேட்கலாம். மெக்கானிக்கும் அந்தக் காரணத்தைத்தான் சொல்கிறார்: மறுபடி இறக்கினால் மறுபடி கூலி. சமவெளிக்கு அது போதும். மலைக்கு அதைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது, அது கியர் பாக்ஸுக்குள்ளேயே கிடக்கிறது. மலை வண்டியில் இரண்டாவது கியர் ஏன் கெடுகிறது? ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தக் கியர்தான் சுமை தாங்குகிறது என்பது உண்மை; கல்லட்டி இறக்கத்தின் 36 கொண்டை ஊசிகளிலும் அதைவிட மேலே போகக்கூடாது. ஆனால் கியர்ப் பல்லைவிட முன்னால் தேய்வது பித்தளை சிங்க்ரோ ரிங். பெடலை முழுதாக மிதித்தும் கிளச் முழுதாக விடுபடவில்லை என்றால், கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த ரிங் எஞ்சினையே நிறுத்தப் போராடுகிறது. சூட்டில் வளைந்த தட்டு, ஒரே மட்டத்தில் இல்லாத டயஃப்ரம் விரல்கள், இறுகிய பைலட் பேரிங், இந்த மூன்றில் எது இருந்தாலும் இதுதான் நடக்கும். ஆக, பாக்ஸ் கெட்டதற்கே கிளச் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ரிங்கை மட்டும் மாற்றிப் பழைய கிளச்சோடு ஏற்றினால், புது ரிங்கும் அதே வழியில் போகும். மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்விக்குள் பழுதின் மூலம் எது என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. கூலிக் கணக்கு அதைக் காட்டாது.

பாக்ஸ் இறங்கியிருக்கும்போது பெல் ஹவுசிங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் இதற்கான சாட்சிகள் தெரியும். ஃப்ளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகள், நகத்தால் தடவினால் தட்டுப்படும் மயிரிழை விரிசல்கள், ரிலீஸ் பேரிங்கைக் கையில் சுற்றினால் வரும் வறண்ட கரகரப்பு, கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீலிலிருந்து கீழ்நோக்கி வழிந்து தூசியோடு உறைந்த கறுப்புக் கோடு. தட்டின் ஃபேசிங் தடிமனாகவே இருக்கலாம். ரிவிட் தலைக்கு மேல் 0.3 மில்லிமீட்டர் மிச்சமிருந்தால் போதும் என்று பல கையேடுகள் சொல்லும், இந்தத் தட்டில் அதற்கு மூன்று மடங்கு இருக்கலாம். ஆனாலும் அதன் பிசின் சூட்டில் வெந்து முகம் கண்ணாடி போல் பளபளத்திருந்தால் தடிமனுக்கு மதிப்பில்லை. சமவெளி வண்டி தட்டைத் தேய்க்கிறது. மலை வண்டி தட்டைச் சுடுகிறது. தேய்மானத்தை அளவுகோல் காட்டும். சூட்டைக் காட்டுவது கண்ணும் விரலும்தான். இதனால்தான் அளந்து பார்த்து முடிவெடு என்ற நியாயமான அறிவுரை மலையில் பாதி தூரம்தான் வரும்.

எதிர்வாதங்களில் கமிஷன் குற்றச்சாட்டு மிகப் பழையது, மிகப் பலவீனமானதும்கூட. கமிஷன் இருக்கலாம், அதனால் ஆலோசனை தவறாகிவிடாது. கழற்றியதைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தீரும். இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது: கம்பெனி போட்ட பாகத்தைக் காரணமில்லாமல் கழற்றாதே. சந்தையில் போலி கிளச் செட்டுகள் தாராளமாக இருக்கின்றன. அட்டைப் பெட்டி ஒரிஜினல் போலவே இருக்கும், உள்ளே இருக்கும் ஃபேசிங் இரண்டு சீசன் தாங்காது. நன்றாயிருந்த தட்டைக் கழற்றிப் போலியை மாட்டியவரின் நிலைமை, எதையும் மாற்றாதவரைவிட மோசம். இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். நம்பகமான செட் கிடைக்காத ஊரில், நீலத் திட்டும் எண்ணெய்க் கசிவும் இல்லாத, பாதி ஆயுள் மிச்சமுள்ள கம்பெனித் தட்டை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். ஆனால் அப்போதும் ரிலீஸ் பேரிங்கையும் ஆயில் சீலையும் மாற்றாமல் பாக்ஸை ஏற்றக் கூடாது. அவற்றின் விலை அற்பம், அவை கெட்டால் பாக்ஸ் மறுபடி இறங்கும், சீல் கசிந்தால் எண்ணெய் குடித்த தட்டைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்தாலும் பழைய பிடிப்பு வராது. முழு செட்டா ஒன்றுமே இல்லையா என்று இரண்டில் ஒன்றாகக் கேட்கும் பழக்கமே பெட்டி கொண்டுவந்த பழக்கம். கார்பனை மட்டும் மாற்றிய தலைமுறைக்கு நடுவில் ஒரு வழி இருப்பது தெரிந்திருந்தது.

டிரைவரை மாற்றாமல் தட்டை மாற்றி என்ன பயன் என்பது இன்னொரு கேள்வி. அரை கிளச்சில் வண்டியை நிறுத்தும் கால், புதுத் தட்டையும் கருக்கும் என்பதில் சந்தேகமில்லை. புதுத் தட்டும் ஃப்ளைவீலும் ஒன்றோடொன்று படிந்துகொள்ளும் முதல் சில நூறு கிலோமீட்டரில் அந்தச் சூடு பழைய தட்டைவிட அதிகக் கேடு செய்யும். ஆனால் இது கிளச்சை மாற்றாதிருக்கக் காரணமாகாது, ஹேண்ட் பிரேக்கில் ஏற்றத்தில் கிளம்பக் கற்றுக்கொள்ளக் காரணமாகும். இறக்கத்தை மறப்பவர்களும் உண்டு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வண்டியை எஞ்சின்தான் பிடித்து நிறுத்துகிறது, அந்தப் பிடி கிளச் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. இறக்கத்தில் அதன் மேல் விழும் சுமை ஏற்றத்தைவிடக் குறைவு என்பதால் நழுவும் கிளச் முதலில் ஏற்றத்தில்தான் காட்டிக்கொடுக்கும். ஆனால் எண்ணெய் குடித்த தட்டு இறக்கத்திலும் விட்டுவிடலாம், அப்போது முழுச் சுமையும் ஏற்கனவே சூடான பிரேக்கின் மேல் விழும். சமவெளியில் கிளச் போனால் வண்டி ஓரங்கட்டும். இங்கே போனால் ஓரம் இருக்காது.

இப்போது இந்தத் தீர்ப்பு மறுபடி கை மாறிக்கொண்டிருக்கிறது. 2014இல் மாருதி செலெரியோவோடு வந்த, தானே கியர் மாற்றும் ஏ.எம்.டி. வண்டிகளில் பெடல் இல்லை. ஆனால் உள்ளே அதே உலர்ந்த தட்டும் பிரஷர் பிளேட்டும் இருக்கின்றன, மிதிப்பது மட்டும் காலல்ல, ஓர் எந்திரம். பெடல் இல்லாததால் கிளச்சே இல்லை என்று நம்பி, ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைப் பிடித்து நிறுத்துபவர்கள் அதிகம். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். அந்தப் பாஸைக் காட்ட வரிசையில் நிற்பவற்றில் இந்த ரகம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. இவற்றில் கிளச் மாற்றினால், எந்த இடத்தில் தட்டு பிடிக்கிறது என்பதை வண்டியின் கம்ப்யூட்டருக்கு ஸ்கேனர் வைத்து மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தக் கருவி இல்லாத பழைய காலத்துப் பட்டறையும் சரி, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையும் சரி, பாக்ஸை இறக்கலாம், ஏற்றலாம், வேலையை முடிக்க முடியாது. வண்டி கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போகிறது. அங்கே பாக்ஸ் இறங்கினால் செட் மாறும் என்பது எஸ்டிமேட்டிலேயே அச்சாகி வருகிறது. கழற்றிய தட்டைக் காட்டச் சொன்னால், ஜாப் கார்டில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள்.